பாலம் மூடியிருந்த மாதங்கள்

கொங்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. ஹட்டனில் ஒரு சிறிய ஒப்பந்தக்காரரிடம் பதினோரு வருடமாக இருக்கிறேன். வெடித்த தண்ணீர்த் தொட்டி, ஒழுகுகிற கூரைத் தட்டு, கம்பி வெளியே தெரிகிற தூண் என்று எதையாவது பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் போய்த் தட்டிப் பார்த்து, எவ்வளவு கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது, எப்படிச் சரிசெய்யலாம் என்று எழுதிக் கொடுப்பேன். வேலை எங்களுக்குக் கிடைத்தால் எங்கள் ஆட்கள் வருவார்கள். கூடவே நின்று பார்ப்பதும் நான்தான்.

வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினார். இப்போதும் தோட்டங்களுக்கு வேலையாகப் போனால், கையில் கோப்பும் தோளில் பையும் இருப்பதைப் பார்த்து, யாரோ புது டீச்சர் என்று நினைத்து 'மிஸ்' என்று கூப்பிடுவார்கள். நானும் திருத்துவதில்லை.

இது கொத்மலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நடந்தது. அந்தத் தோட்டத்துக்கு மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டு பிரிவு. நடுவில் ஓர் ஓடை. ஓடை என்று பெயர்தான், மழைக்காலத்தில் அது ஆறு. லயங்கள், கோயில், கடை, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா, எல்லாம் கீழ்ப்பிரிவில். கொழுந்து மலைகளில் பாதிக்கு மேல் மேல்பிரிவில். இரண்டையும் சேர்த்தது ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு கொங்கிரீட் பாலம். இரண்டு பீம், அவற்றின் மேல் ஒரு தட்டு, இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் கைப்பிடி. எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில், பாலத்தின் அடியிலிருந்து சோற்றுப் பானை அளவு துண்டு ஒன்று விழுந்திருக்கிறது. அவள் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் சொல்ல, அவர் தோட்டத்து மேலாளரான துரையிடம் சொல்ல, துரை எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

நான் போனது மாசி மாதம், ஓடையில் கணுக்கால் தண்ணீர் ஓடிய நேரம். என்னோடு வர வேண்டிய இரண்டு பேரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. மற்றவர் ஏணியைப் பிடிக்க வேண்டும், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேல்பிரிவிலிருந்து பெண்கள் பாலத்தின் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி நின்று எட்டிப் பார்த்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கொஞ்சம் வந்து பிடிக்க முடியுமா என்று கேட்டேன். கூடையை மேலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீரில் இறங்கி வந்தாள்.

பாலத்தின் அடியில் பாசியும் பன்னச் செடியும் மண்டிக் கிடந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்ததும் இடது பீமின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு தெரிந்தது. வெடிப்பின் ஓரமெல்லாம் பழுப்பு நிறத்தில் கறை. உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்துச் சுற்றியுள்ள கொங்கிரீட்டை வெளியே தள்ளும். வெளியில் தெரிகிற வெடிப்பு கடைசியில்தான் வரும். அதற்குப் பல வருடம் முன்பே உள்ளே வேலை தொடங்கியிருக்கும். நான் சுத்தியலால் ஒவ்வோர் அடிக்கும் தட்டிக்கொண்டே போய், சுண்ணக் கட்டியால் அடையாளம் போட்டேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்டுனா தெரிஞ்சிருமா மிஸ்?" என்று கேட்டாள்.

சுத்தியலை அவளிடம் கொடுத்தேன். வலது பீமைத் தட்டச் சொன்னேன், பிறகு இடது பீமை. இரண்டு மூன்று தடவை மாறி மாறித் தட்டினாள்.

"அங்க கணீர்னு கேக்குது. இங்க பொத்துன்னு கேக்குது."

அவ்வளவுதான் விஷயம் என்றேன். பொத்தென்று கேட்கிற இடத்தில் மேல்தோல் உள்ளே ஒட்டாமல் நிற்கிறது. ஒரு சிறு துளை போட்டு, அதில் மருந்து தெளித்துக் காட்டினேன். நல்ல கொங்கிரீட்டில் பட்டால் அந்த மருந்து பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். சத்துப் போனதில் பட்டால் வெறும் தண்ணீர் மாதிரி நிற்கும். இடது பீமில் கம்பியைத் தாண்டியும் நிறம் வரவில்லை. ஏன் இப்படி ஆனது என்று கேட்டாள். ஈரம், பனி, கம்பிக்கு மேல் போதுமான கனத்தில் கொங்கிரீட் போடாதது என்று சொல்லிவிட்டு, பாலத்தில் என்னவெல்லாம் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். உர மூட்டைகளை இந்த வழியாகத்தான் தூக்கிப் போவார்கள், மழை வந்தால் பாலத்தின் மேலேயே இடது பக்கமாக அடுக்கிப் படங்கு போட்டு மூடி வைப்பார்கள், கிழிந்த மூட்டையிலிருந்து உரம் கொட்டி ஒழுகும் என்றாள். எனக்கு வேண்டிய பதில் அதுதான். உரம் கொங்கிரீட்டையும் தின்னும், கம்பியையும் தின்னும்.

அவள் சுத்தியலைத் திருப்பித் தரும்போது கேட்டாள். "அப்போ இத மூடிருவீங்களா?"

"மூடத்தான் வேண்டி வரும்."

"எத்தன நாளைக்கி?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

வேலைக்கு ஐந்து வாரம் போதும் என்று எனக்குத் தெரியும். தோட்டத்தின் தலைமை அலுவலகம் சம்மதம் தர எவ்வளவு நாள் எடுக்கும் என்று தெரியாது. தெரியாததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நாங்க எப்படி மிஸ் போறது? ஸ்டோர் ரோட்டால சுத்திப் போனா ஒரு மணித்தியாலம் ஆகுமே."

அதையும் எழுதுகிறேன் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். எனக்காக நின்றதில் அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் பாதி போயிருந்தது.

அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினேன். எங்கள் அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் போகும். பாலத்தை உடனே முழுவதும் மூட வேண்டும் என்று எழுதுவதா, ஒரு நேரத்தில் ஒருவர், சுமை இல்லாமல் போகலாம் என்று எழுதுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் முப்பது பெண்கள் சாக்கோடு வரிசையாக வருவார்கள். மழை தூறினால் எல்லாரும் ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவராக நின்று போவார்கள் என்று நான் நம்பவில்லை. இது உண்மையான காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் பொறியியலாளர் சிங்களவர், நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அவர் அறிக்கையைப் படித்துவிட்டு, முழுவதும் மூடு என்றே எழுது, அப்படி எழுதினால் நாளைக்கு என்ன நடந்தாலும் நம்மீது வராது என்றார். அதைக் கேட்டபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மாற்று வழியைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். ஓடைக்குக் குறுக்கே தற்காலிகமாக ஒரு நடைவழி போட்டுக் கொடுப்பது நல்லது என்று. போட்டுக் கொடுக்காமல் மூடக்கூடாது என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் தோட்டத்துக்காரர்கள் அறிக்கையையே ஒத்திப்போடுவார்கள், பாலமும் திறந்தே கிடக்கும் என்று நினைத்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

நான்கு நாளில் பாலத்தை மூடிவிட்டார்கள். இரண்டு முனையிலும் குறுக்கே பலகை அடித்து முள்ளுக் கம்பி சுற்றியதைப் படம் எடுத்து கண்டாக்கையா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூடச் சொன்ன வரி நான்கு நாளில் நடந்தது. சரிசெய்யச் சொன்ன வரிக்குத் தலைமை அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். பங்குனியில் ஒரு தடவையும் சித்திரைப் புது வருடம் முடிந்து ஒரு தடவையும் துரைக்குப் போன் செய்து கேட்டேன். கடிதம் போயிருக்கிறது, வரவில்லை என்றார். இரண்டாம் தடவை பேசியபோது, மாற்று வழி போட்டீர்களா என்று கேட்டேன். ஆட்களே ஓடையில் கல் போட்டு ஒரு வழி செய்துகொண்டார்கள் என்றார். யார் போட்டது, எப்படிப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் தலவாக்கலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வேலை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நான் போன் செய்யவே இல்லை.

வைகாசியில் மழை தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கண்டாக்கையா போனில் கூப்பிட்டார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், அன்று மெதுவாகப் பேசினார். மத்தியானம் ஒரு பெண் ஓடையில் போய்விட்டாள், அரை மைல் கீழே, தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் எடுத்தோம் என்றார். எந்தப் பெண் என்று கேட்டேன். "நீங்க வந்தன்னைக்கி டேப் புடிச்சிச்சே, அந்தப் புள்ளதான் மிஸ்" என்றார்.

நடந்ததைப் பிறகு பல பேர் சொல்லக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டிருக்கிறது. வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் பெயர் விழாது, சம்பளம் இல்லை. மருந்து கொடுத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மேல்பிரிவுக்குப் போயிருக்கிறாள். மத்தியானம் ஒரு மணித்தியாலம்தான் இடைவேளை. ஸ்டோர் ரோட்டால் சுற்றினால் போவதற்கே அது சரியாகிவிடும். மூன்று மாதமாக எல்லாப் பெண்களும் தாண்டிய கற்கள்தான், அவளும் தினம் தாண்டியவைதான். அவர்கள் இருந்த இடத்தில் தூறல்கூட இல்லையாம். மேலே மலையில் பெய்த மழை கீழே வரக் கொஞ்ச நேரம் எடுத்திருக்கிறது. அவள் பாதி தாண்டியபோது தண்ணீர் மண் கரைந்து சிவப்பாக வந்ததைக் கரையில் நின்றவர்கள் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்த்தாளாம். அவ்வளவுதான்.

நான் சாவு வீட்டுக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டாம் தடவை பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கிவிட்டேன். அங்கே போய் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சாவு நடந்து எட்டாம் நாள் தலைமை அலுவலகத்தின் சம்மதம் வந்தது. பன்னிரண்டாம் நாள் நாங்கள் சாமான்களோடு தோட்டத்துக்குப் போனோம். எங்கள் ஆட்கள் நான்கு பேர். உதவிக்குத் தோட்டமும் நான்கு பேரைத் தந்தது. அந்த நான்கு பேரில் ஒருவர் யாரும் சொல்லுமுன்பே போய்ப் பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான், தாடி வளர்ந்திருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர் என்று கண்டாக்கையா சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அது அந்தப் பெண்ணின் புருஷன் என்றார். ஏன் அவரைப் போட்டீர்கள் என்று கேட்டேன். "நா போடல மிஸ். அவனே காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு வந்து நின்னு கேட்டான். வேணாம்னு எப்படிச் சொல்றது" என்றார்.

முதலில் பாலத்துக்கு முட்டுக் கொடுத்தோம். பிறகு இடது பீமில் பொத்தென்று கேட்ட இடங்களை எல்லாம் உடைத்து எடுக்கத் தொடங்கினோம். மூன்று நாள் அவர் உளியும் சுத்தியலுமாக எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் நின்று உடைத்தார். என்னைப் பார்க்கும்போது தலையை மட்டும் அசைப்பார். தேத்தண்ணி நேரத்தில் தள்ளிப் போய், ஓடைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். நானும் போய்ப் பேசவில்லை. அவருக்கு நான் யார் என்று தெரியுமா, தெரியாதா என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான்காம் நாள் கம்பி முழுவதும் வெளியே வந்தது. மேல்பிரிவுக் கரைக்குப் பக்கத்தில், உர மூட்டை அடுக்கின இடத்துக்கு நேர் கீழே, நான்கு கம்பியில் மூன்று அற்றுப் போயிருந்தன. விரல் கனத்தில் இருக்க வேண்டிய கம்பி ஊசி மாதிரி கூர்ந்து, துருவாக உதிர்ந்தது. நான்காவது கம்பி பாதிக் கனத்தில் இருந்தது. ஆனால் பாலத்தின் நடுவில், நான் மிக மோசம் என்று குறித்த இடத்தில், உள்ளே கம்பிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தன. வலது பீம் கல் மாதிரி நின்றது. நான் படம் எடுத்து, கம்பிகளின் கனத்தை அளந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"இத மூடாம விட்டிருந்தா விழுந்திருக்குமா?"

நான்கு நாளாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். ஆமாம், அடுத்த வாரமே விழுந்திருக்கும், முப்பது பேர் போயிருப்பார்கள் என்று சொல்லலாம். அறுந்த கம்பியைக் காட்டினாலே நம்புவார். ஆனால் நான் இருபது நிமிடமாக மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தபடிதான் நின்றிருந்தேன். வலது பீமும் தட்டும் சேர்ந்து எவ்வளவு தாங்கியிருக்கும் என்று திட்டமாகச் சொல்ல வரவில்லை.

"தெரியாதுண்ணே. விழுந்திருக்கலாம். இன்னும் ஒரு வருஷம் நின்னிருக்கவும் கூடும்."

"அப்ப எதுக்கு மூடச் சொன்னீங்க?"

"தெரியாததுனாலதான்."

அவர் குனிந்து அறுந்த கம்பியின் முனையைத் தொட்டார். விரலில் ஒட்டிய துருவை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

"அவ ஒங்களப் பத்தி சொன்னா. சுத்தியலக் குடுத்துத் தட்டச் சொன்னீங்களாமே. வீட்டுக்கு வந்து ஒலக்கையால செவுத்தெல்லாம் தட்டிப் பாத்தா. நம்ம காம்பரா பூராவும் பொத்துன்னுதான் கேக்குதுன்னு சொல்லிச் சிரிச்சா."

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. இரும்புத் தூரிகையை எடுத்து, மிச்சமிருந்த கம்பியைத் தேய்க்கப் போய்விட்டார். நான் ஓடையோரமாக நடந்து, பன்னச் செடிகளுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் நின்று அழுதேன்.

அறுந்த கம்பிகளை வெட்டி, புதுக்கம்பி வைத்து ஒட்டி, துருத் தடுப்புப் பூசி, பலகை அடைத்துப் புதுக் கொங்கிரீட் போட்டோம். போட்ட பிறகு அது காயாமல் ஈரச் சாக்கு சுற்றி வைக்க வேண்டும். கொத்மலைக் குளிரில் கூடுதலாகவே நாள் எடுக்கும். அந்த நாட்களில் பெரிய வேலை ஒன்றும் இல்லை, சாக்குக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். அப்போதுதான் ஒரு காலை அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். மரண விசாரணைக்காகப் பொலிஸில் எழுதிய வாக்குமூலத்தின் நகல். சிங்களத்தில் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து தமிழில் இருந்தது. அன்றைக்கு இருந்த நிலையில் போடச் சொன்ன இடத்தில் போட்டிருக்கிறார். எனக்கு சிங்களம் வாசிக்கத் தெரியும் என்று எங்கள் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கடைசிப் பந்தியில், போக்குவரத்துக்குப் பாதை இருந்தும், அதைப் பயன்படுத்தாமல், என் மனைவி கவனயீனமாக ஓடையில் இறங்கியதால் இந்த மரணம் நேர்ந்தது, இதில் யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். சொன்னேன்.

அவர் காகிதத்தை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். "நா அப்படிச் சொல்லல மிஸ். பாதை இருந்திச்சான்னு கேட்டாங்க. ஸ்டோர் ரோடு இருக்குன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்." காகிதத்தை மடித்துக்கொண்டே, "எம்புள்ள நாளைக்கிப் படிச்சி இத வாசிக்கும். அம்மா கவனமில்லாமப் போயிச் செத்துட்டான்னு நெனைக்கும். அவ அப்படிப்பட்டவ இல்ல. நீங்க ஒண்ணு எழுதித் தாங்க" என்றார்.

அன்று பின்னேரம் எங்கள் பொறியியலாளரிடம் கேட்டேன். அவர் கூடாது என்றார். நாம் கொங்கிரீட்டைப் பற்றித்தான் எழுதலாம், சாவைப் பற்றி எழுத நமக்கு வேலை இல்லை, எழுதினால் தோட்டங்களில் வேலை கிடைக்காது, எட்டுக் குடும்பம் இந்த வேலையை நம்பி இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் எழுதினேன். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பாலத்தை மூடச் சொன்னது நான், மாற்று வழி போடச் சொல்லியிருந்தேன், அது போடப்படவில்லை, மூன்று மாதமாக எல்லாத் தொழிலாளரும் அந்தக் கற்கள் வழியாகத்தான் போனார்கள், அது எல்லாருக்கும் தெரியும், ஆகவே கவனயீனம் என்று எழுதியது சரியல்ல என்று. கீழே பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவளுடைய புருஷனோடு நானும் மரண விசாரணை அதிகாரியிடம் போனேன். வயதானவர், பொறுமையாக வாசித்தார். விசாரணை முடிந்துவிட்டது, இதைக் கோப்பில் வைக்கலாம், தீர்ப்பை மாற்ற என்னால் முடியாது என்றார். இருந்தாலும் தோட்டத்திடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார். பதில் இரண்டு வாரத்தில் வந்தது, இருவரும் மறுபடி போனோம். என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை நகல் எடுத்து இணைத்திருந்தார்கள். நடைவழி போடுவது 'நல்லது' என்றுதான் அறிக்கையில் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை, ஆகவே நிர்வாகத்தின் பக்கம் தவறு இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதிகாரி அந்தக் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, விரலால் அந்தச் சொல்லைக் காட்டினார். நான் எழுதிய சொல்தான். வேறு எதையும் அவர்கள் தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, அது என் பிழை என்று கூட வந்தவரிடம் சொன்னேன். கட்டாயம் என்று எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்றேன். "எழுதியிருந்தா மட்டும் போட்டிருப்பாங்களா மிஸ்" என்றார். அதில் ஆறுதலும் இல்லை, குற்றம் சொல்வதும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

ஆனி கடைசியில் பாலம் முடிந்தது. முட்டுகளைக் கழற்றிவிட்டு, மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு நாள் முழுக்க வைத்து, பீம் எவ்வளவு வளைகிறது என்று அளந்து பார்த்தோம். வளைவே இல்லை என்று சொல்லலாம். துரை வந்தார், தேங்காய் உடைத்தார்கள். கண்டாக்கையா பெண்களைப் பார்த்துப் போங்க போங்க என்றார். சிலர் போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் போகவில்லை. அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கம் போலவே கற்கள் மேல் இறங்கினார்கள். நான் பாலத்தின் நடுவில் நின்று கூப்பிட்டேன். இது நல்லா இருக்கு, நான் நிக்கிறேனே பாருங்க என்றேன். நடுவயதுப் பெண் ஒருத்தி கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கட்டும் மிஸ். அன்னைக்கி நல்லா இல்லன்னீங்க, இன்னைக்கி நல்லாருக்குங்கிறீங்க. எங்களுக்கு வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

மறுநாள் காலை நாங்கள் கழற்றிய முட்டுகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஓடையில் சத்தம் கேட்டது. அவளுடைய புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரும்பு அலவாங்கால் அந்தக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லி அவர் இறங்கவில்லை. எங்கள் ஆட்களில் இரண்டு பேர் போய்க் கை கொடுத்தார்கள். பெரிய கல் இரண்டை அசைக்கவே அரை மணித்தியாலம் ஆனது. கடைசிக் கல்லும் ஆழத்துக்குப் போன பிறகு கரையேறி, ஈரச் சாரத்தோடு பாலத்தில் ஏறி மேல்பிரிவுக்குப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து போகிற எவரையும் போலத்தான் போனார்.

அந்த வருடத்துக்குள்ளேயே அவர் அந்தத் தோட்டத்தை விட்டுவிட்டார். மஸ்கெலியாவில் அவளுடைய அக்கா இருக்கிறாள், குழந்தை அங்கே வளர்கிறது, அவர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார் என்று கண்டாக்கையா சொன்னார். நான் எழுதிக் கொடுத்த தமிழ்க் கடிதத்தைக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறாராம். பொலிஸ் எழுதிய காகிதமும் அதே உறையில்தான் இருக்கிறதாம்.

எங்கள் பொறியியலாளர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தை நடத்துகிற கம்பனியின் தோட்டங்களுக்கு என்னை அனுப்புவதில்லை, அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பாடசாலைகள், ஆஸ்பத்திரிகள், கடைக் கட்டடங்கள் என்று போகிறேன். போன வாரம் நுவரெலியாவில் ஒரு பாடசாலைக் கூரைத் தட்டைப் பார்த்தேன். நான்கு வகுப்பறை மூட வேண்டும். பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று அதிபர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை அதை மூன்றாம் பக்கத்துக்குத் தள்ள மாட்டேன். அறிக்கையின் முதல் பக்கம் இன்னும் எழுதப்படாமல் மேசையில் கிடக்கிறது.